குடும்பம் எந்த அலகில் வருகிறது? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அரசியல் அறிவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இளங்கலை மாணவர்களுக்கு மேலைநாட்டு அரசியல் சிந்தனைத் தாளை நடத்திவரும் ஆசிரியர்களில் ஒருவன் நான். பாடத்திட்டத்தைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். பிளேட்டோவில் தொடங்கி மார்க்ஸிலோ ரால்ஸிலோ முடியும் அந்தத் தாளில் அரசு இருக்கிறது. சட்டம், சொத்து, உரிமை, புரட்சி எல்லாம் இருக்கின்றன. குடும்பம் மட்டும் இல்லை. அந்தச் சிந்தனையாளர்கள் அதைப் பற்றி எழுதாமல் விட்டுவிடவில்லை. அரசைப் பற்றி எழுத உட்கார்ந்த அநேகமாக எல்லோருமே முதலில் வீட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. அந்தப் பக்கங்களைக் கத்தரித்துவிட்டு மிச்சத்தை நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் 'பெண்ணியம்' என்று ஓர் அலகு சேர்த்தால் போதுமே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அதைத்தான் செய்ய வேண்டாம் என்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

குடும்பம் தலைகாட்டும் முதல் இடம் பிளேட்டோ. அதுவும் எப்படி? 'பிளேட்டோவின் பொதுவுடைமை' என்ற தலைப்பின்கீழ் சொத்துப் பொதுவுடைமை, மனைவியர் பொதுவுடைமை என்று கைடுகளில் இரண்டு துணைத்தலைப்பு இருக்கும். இரண்டாவதைப் படித்ததும் வகுப்பின் பின்வரிசையில் சிரிப்பு எழும். நாமும் சங்கடப்பட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால் 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியில் சாக்ரடீஸ் மூன்று அலைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்கிறார். நகரத்தைக் காத்து ஆளும் காவலர் வகுப்பில் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே பயிற்சியும் பொறுப்பும் தர வேண்டும் என்பது முதல் அலை. காவலர்களுக்குத் தனிக் குடும்பம் கூடாது என்பது இரண்டாவது. தத்துவ ஞானிகள் ஆள வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாவதைப் பத்து மதிப்பெண்ணுக்கு நடத்துகிறோம். இரண்டாவதை நாலு வரியில் முடிக்கிறோம். முதலாவதைத் தொடுவதே இல்லை.

இப்படி வெட்டிவிட்டால் மாணவருக்கு அது ஏதோ கிழவரின் விபரீத ஆசை போலத்தான் தெரியும். வரிசையாகப் படித்தால்தான் வாதம் பிடிபடும். காவல் நாய்களில் பெட்டையை மட்டும் குட்டி போட வீட்டில் விட்டுவிட்டா ஆண் நாயைக் காவலுக்குக் கூட்டிப்போகிறோம் என்று கேட்கிறார் சாக்ரடீஸ். குடிமக்களின் மனைவியர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்த ஏதென்ஸில் கேட்ட கேள்வி இது. பெண் ஆளவேண்டுமென்றால் குழந்தையை யார் பார்ப்பது என்பது உடனே அடுத்த கேள்வியாக வந்து நிற்கிறது. பிளேட்டோவின் பதில் கொடூரமானது. யார் யாரோடு சேர்வது என்று சீட்டுக் குலுக்கல். அந்தக் குலுக்கலிலும் ஆட்சியாளர்கள் ரகசியமாகத் தில்லுமுல்லு செய்வார்கள், தகுதி குறைந்தவன் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ளட்டும் என்று. பால் கட்டிய தாய்மார்களைக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு அழைத்துவருவார்கள், ஆனால் எவளுக்கும் தன் குழந்தை எது என்று தெரிந்துவிடாதபடி பார்த்துக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே பொருளைப் பார்த்து 'என்னுடையது' என்று சொல்லும் நகரம்தான் பிளவுபடாது என்பது அவர் கணக்கு. பிடிக்கவில்லை என்றாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டு வேலையை அப்படியே வைத்துக்கொண்டு பெண்ணை ஆட்சியில் உட்கார வைக்க முடியாது என்பதை அவர் பார்த்துவிட்டார். (பிற்காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். 35 வயதாகியும் கல்யாணம் ஆகாத ஆணுக்கு அபராதம்கூட உண்டு.)

அரிஸ்டாட்டில் இதற்குச் சொன்ன பதில் நம் தாளில் இல்லவே இல்லை. 'அரசியல்' நூலின் இரண்டாம் பகுதியில், தொடக்க அத்தியாயங்களில் இருக்கிறது. பலருக்குப் பொதுவானதை யாரும் அக்கறையாகக் கவனிப்பதில்லை என்கிறார். கொஞ்சம் இனிப்பான திராட்சை மதுவை ஏராளமான தண்ணீரில் கலந்தால் ருசி தெரியாமல் போவதுபோல பாசமும் நீர்த்துப்போகும் என்கிறார். பிளேட்டோ சொல்லும் வகையில் ஆயிரம் பேருக்கு மகனாக இருப்பதைவிட ஒருத்தருக்கு நிஜமான ஒன்றுவிட்ட தம்பியாக இருப்பது மேல் என்பது அவர் போடும் போடு. இதை வகுப்பில் சொன்னால் அந்தப் பின்வரிசையே நிமிர்ந்து உட்காரும்.

அதே இடத்தில் இன்னொரு வரி வருகிறது, எனக்கு முக்கியமானது அதுதான். நாய் உதாரணம் செல்லாது, ஏனென்றால் விலங்குகளுக்கு நிர்வகிக்க வீடு கிடையாது என்கிறார் அரிஸ்டாட்டில். வயலை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள், வீட்டை யார் பார்ப்பது என்று கேட்கிறார். ஆக, பிளேட்டோ பார்த்த அதே சிக்கலை அவரும் பார்த்திருக்கிறார். பிளேட்டோ வீட்டை எடுத்துவிட்டுப் பெண்ணைக் கொண்டுவந்தார். அரிஸ்டாட்டில் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு பெண்ணை உள்ளேயே நிறுத்தினார். அதற்கு அவர் கொடுக்கும் நியாயம்தான் முதல் பகுதியில் வரும் குடும்பக் கோட்பாடு. எஜமான் அடிமை, கணவன் மனைவி, தகப்பன் பிள்ளை என்று மூன்று உறவு. மூன்றுக்கும் வேறுவேறு வகை ஆட்சி. பெண்ணுக்கு ஆலோசிக்கும் திறன் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்கிறார். இதில் அடிமை முறையை மட்டும் சிறுகுறிப்பாகக் கேட்கிறோம். மற்ற இரண்டும் மாணவர் கண்ணில் படுவதே இல்லை.

சரி, ஹாப்ஸுக்கு வருவோம். அரசே இல்லாத இயற்கை நிலையில் எல்லோருக்கும் எல்லோரோடும் போர் என்று நடத்தும்போது, அங்கே குழந்தைகள் எப்படிப் பிழைத்தன என்று எந்த மாணவராவது கேட்டிருக்கிறாரா? ஹாப்ஸ் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார். 1651இல் வந்த 'லெவியத்தான்' நூலின் இருபதாம் அத்தியாயத்தில், திருமணச் சட்டம் இல்லாத இடத்தில் தகப்பன் யார் என்று தாய் சொன்னால்தான் தெரியும், ஆகவே குழந்தைமேல் முதல் அதிகாரம் தாய்க்குத்தான் என்கிறார். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் அதே அத்தியாயத்தில் குடும்பம் என்றால் என்ன என்று சொல்லும்போது ஓர் ஆண், அவன் பிள்ளைகள், அவன் வேலைக்காரர்கள் என்று பட்டியல் போடுகிறார். மனைவியைக் காணோம். இயற்கை நிலையில் பிள்ளைக்கு அதிபதியாக இருந்தவள் எப்போது, யாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு காணாமல் போனாள்? அரசியல் கோட்பாட்டாளர் கரோல் பேட்மன் 1988இல் எழுதிய 'பாலியல் ஒப்பந்தம்' என்ற நூலின் முக்கியக் கேள்விகளில் இதுவும் ஒன்று.

இனி நான் அதிகம் வாதாட விரும்பும் இடம், லாக்.

அரசு பற்றி லாக் எழுதியது இரண்டு ஆய்வுரைகள். நாம் நடத்துவது இரண்டாவதை மட்டும். முதலாவது எதற்கு எழுதப்பட்டது என்பதே பாடத்திட்டத்தில் கிடையாது. சர் ராபர்ட் ஃபில்மர் என்ற இங்கிலாந்தின் கெண்ட் பகுதி நிலக்கிழார் எழுதிய 'பேட்ரியார்க்கா', அவர் 1653இல் இறந்து 27 வருடம் கழித்து, 1680இல் அச்சானது. அரசன் இரண்டாம் சார்லஸின் தம்பியும் கத்தோலிக்கருமான ஜேம்ஸுக்குப் பட்டம் கிடைக்கக் கூடாது என்று நாடாளுமன்றத்தில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. அரசன் தரப்புக்கு அந்தப் புத்தகம் கைகொடுத்தது. ஃபில்மரின் வாதம் எளிமையானது. கடவுள் ஆதாமுக்குப் பிள்ளைகள்மேல் முழு அதிகாரம் கொடுத்தார். அரசர்களின் அதிகாரம் அந்தத் தகப்பன் அதிகாரத்தின் தொடர்ச்சி. தகப்பனைத் தேர்ந்தெடுக்க முடியாததுபோல அரசனையும் தேர்ந்தெடுக்க முடியாது. பிறக்கும்போதே நாம் யாருக்கோ கட்டுப்பட்டவர்களாகத்தான் பிறக்கிறோம் என்பதால் 'எல்லோரும் சுதந்திரமாகப் பிறந்தார்கள்' என்ற பேச்சே பொய் என்றார். இது முட்டாள்தனமான வாதம் இல்லை. குழந்தை சுதந்திரமாகப் பிறப்பதில்லை என்பது உண்மைதானே.

ஆகவே லாக் முதலில் தகப்பனை அந்தச் சிம்மாசனத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது. எப்படி இறக்கினார் என்பதுதான் சுவாரசியம். அம்மாவைக் கொண்டுவந்து இறக்கினார். 'உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு' என்ற கட்டளையில் தாயை விட்டுவிட்டுத் தகப்பனை மட்டும் ஃபில்மர் எடுத்துக்கொண்டாரே என்று பிடித்துக்கொண்டார். பூமியை ஆளும்படி கடவுள் சொன்னது ஆதாமிடம் மட்டுமல்ல, இருவரிடமும் என்றார். ஏவாள் கணவனுக்குக் கீழ்ப்பட்டிருப்பாள் என்ற வசனத்துக்கு அவர் கொடுக்கும் விளக்கத்தை மாணவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பிரசவ வலியைக் குறைக்க வழி கிடைத்தால் அதைத் தேடுவது எப்படிப் பாவமாகாதோ, அப்படியே ஒரு பெண் தன் சூழ்நிலையாலோ ஒப்பந்தத்தாலோ அந்தக் கீழ்ப்படிதலிலிருந்து விடுபட்டால் அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்கிறார். இரண்டாம் ஆய்வுரையில் இன்னும் ஒருபடி மேலே போகிறார். பெற்றோரின் அதிகாரம் பெற்றதால் வருவதில்லை, வளர்ப்பதால் வருகிறது. பிள்ளைக்கு அறிவு முதிர்ந்ததும் அது முடிந்துவிடும். திருமணம் ஓர் ஒப்பந்தம். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகும் அது ஆயுள் முழுக்க நீடித்தாக வேண்டுமா என்றுகூடக் கேட்கிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு 82ஆம் பிரிவில் வந்து சறுக்குகிறார். கணவனும் மனைவியும் கருத்து வேறுபட்டால் யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும், இயல்பாகவே அது திறமையும் வலிமையும் கூடிய ஆணின் பங்குக்குப் போகிறது என்கிறார். பலம் இருப்பதாலேயே அதிகாரம் வந்துவிடாது என்பதை அரசன் விஷயத்தில் நிரூபிக்கப் புத்தகம் முழுக்க உழைத்த மனிதர், கணவன் விஷயத்தில் அதே பலத்தைக் காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இதை நாமாக இன்றைக்குக் கண்டுபிடித்துக் குறை சொல்லவில்லை. அந்தத் தலைமுறையிலேயே மேரி ஆஸ்டெல் என்ற ஆங்கில எழுத்தாளர் கேட்டுவிட்டார். தான் திருமணம் பற்றி எழுதிய நூலின் 1706ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், ஆண்கள் எல்லோரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றால் பெண்கள் எல்லோரும் அடிமைகளாகப் பிறப்பது எப்படி என்று கேட்டார். நாட்டுக்கு எதேச்சாதிகாரம் தேவையில்லை என்றால் வீட்டுக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது என்றும் கேட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால் ஆஸ்டெல் அரசன் கட்சிக்காரர். மனைவியரைக் கலகம் செய்யச் சொல்வது அவர் நோக்கம் இல்லை. ஒப்பந்தம், சம்மதம் என்று மேடை போடுகிறவர்கள் வீட்டுக்குள் அதை ஏற்கமாட்டார்கள் என்று காட்டி அவர்கள் வாயை அடைப்பதுதான் நோக்கம். எதிர்முகாமிலிருந்து வந்த கேள்வி என்பதால்தான் அது இன்னும் கூர்மையாக இருக்கிறது. லாக்குக்கு எட்டு மணிநேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்றால் அதில் ஒரு மணிநேரம் இதற்குத் தாருங்கள்.

ரூசோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1762இல் 'சமூக ஒப்பந்தம்', அதே வருடம் 'எமில்'. முதல் புத்தகத்தை நடத்துகிறோம், இரண்டாவதைக் கல்வியியல் துறைக்குத் தள்ளிவிட்டோம். எமில் என்ற சுதந்திர மனிதனுக்குத் துணையாக சோஃபியை எப்படி வளர்க்க வேண்டும் என்று கடைசிப் பகுதியில் எழுதுகிறாரே, ஆணுக்குப் பிடித்தபடி நடந்துகொள்வதே அவளுக்கான கல்வி என்று, அதைப் படிக்காமல் ரூசோவின் குடிமகன் யார் என்று சொல்ல முடியாது. தன் ஐந்து குழந்தைகளையும் பாரிஸ் அநாதை விடுதியில் விட்டவர் என்ற செய்தியை மட்டும் நாம் தவறாமல் சொல்லிவிடுவோம். வம்புக்கு நேரம் இருக்கிறது, 1792இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் அவருக்குக் கொடுத்த பதிலுக்கு நேரம் இல்லை. ஆணுக்குப் பிடிக்க மட்டுமே வளர்க்கப்பட்டவள் நாளைய குடிமக்களை எப்படி வளர்ப்பாள் என்பது அவர் கேள்வி. ஹெகலும் அப்படித்தான். குடும்பம், குடிமைச் சமூகம், அரசு என்ற மூன்றில் முதலாவதைத் தலைப்பாகச் சொல்லிவிட்டு நேரே மூன்றாவதற்குத் தாவிவிடுகிறோம்.

ஜான் ஸ்டூவர்ட் மில் விஷயம் வேறு. அவருக்கு நாம் அநியாயம் செய்கிறோம் என்றே நினைக்கிறேன். 'சுதந்திரம் பற்றி' நூலும் இன்பத்தின் தரம் பற்றிய சர்ச்சையும் பாடத்தில் உண்டு. 1869இல் வந்த 'பெண்களின் அடிமை நிலை' பெயரளவில்கூட இல்லாத கேள்வித்தாள்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் கல்யாணம் ஆனதும் மனைவியின் சட்ட ஆளுமை கணவனுடையதில் கரைந்துவிடும். அவள் சம்பாதித்ததும் அவனுடையது. 1851இல் ஹாரியட் டெய்லரைத் திருமணம் செய்துகொள்வதற்கு முன், இந்தச் சட்டம் தனக்குக் கொடுக்கும் அதிகாரங்களை எதிர்ப்பதாகவும் அவற்றை ஒருபோதும் பயன்படுத்தமாட்டேன் என்றும் மில் எழுதி வைத்தார். 1867இல் நாடாளுமன்றத்தில் வாக்குரிமை மசோதாவில் 'ஆண்' என்பதை எடுத்துவிட்டு 'நபர்' என்று போடச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவாக 73 வாக்கு, எதிராக 196. திருமணமான பெண்ணின் சம்பளம் அவளுக்கே சேரும் என்று முதல் சட்டம் வந்தது 1870இல்.

மில்லின் வாதத்தில் அரசியல் அறிவியலுக்கு நேரடியாக வேண்டிய பகுதி ஒன்று உண்டு. இன்றைய குடும்பம் சர்வாதிகாரத்துக்கான பள்ளிக்கூடம் என்கிறார் அவர். தன் தகுதிக்குச் சம்பந்தமில்லாமல் மனித இனத்தில் பாதிப் பேருக்கு மேலானவன் என்று நம்பி வளரும் பையன், வெளியே வந்து சமத்துவக் குடிமகனாக எப்படி நடந்துகொள்வான்? ஆகவே குடும்பத்தில் நீதி என்பது பெண்களுக்குச் செய்யும் உதவி மட்டும் அல்ல, ஜனநாயகத்துக்கே தேவைப்படும் பயிற்சி. இப்படிச் சொன்ன மில்லும் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறார். ஆண் தொழிலைத் தேர்ந்தெடுப்பதுபோல, கல்யாணம் செய்துகொள்ளும் பெண் குடும்ப நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கிறாள் என்கிறார். ஹாரியட் டெய்லர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. திருமணமான பெண்ணும் சம்பாதிக்க வேண்டும் என்று 1851லேயே எழுதிவிட்டார். என் கட்சி ஹாரியட் பக்கம்தான்.

மார்க்ஸ் அலகில் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்ற எங்கெல்ஸின் 1884ஆம் ஆண்டு நூலைப் பற்றி எப்படியாவது ஒரு வரி வந்துவிடுகிறது. அமெரிக்க மானுடவியலாளர் மார்கனிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட மானுடவியல் தகவல்களில் பல இன்று நிற்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. சொத்துரிமையும் ஒருதாரமணமும் எப்படிப் பின்னிக்கொண்டன என்ற கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. அடுத்த பருவத்தில் இந்தியச் சிந்தனைத் தாளில் பெரியாரின் திருமண விமர்சனம் வரும்போது, 1967ஆம் ஆண்டு சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் வரும்போது, அது வானத்திலிருந்து குதித்ததாக மாணவர்கள் நினைக்கிறார்கள். இந்தத் தாளில் குடும்பம் இருந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

கடைசியாக அமெரிக்கத் தத்துவ அறிஞர் ரால்ஸ். 1971இல் வந்த 'நீதிக் கோட்பாடு' குடும்பத்தைச் சமூகத்தின் அடிப்படை அமைப்பில் ஒன்றாகச் சேர்க்கிறது. நீதி உணர்வை முதலில் பிள்ளை கற்றுக்கொள்வது வீட்டில்தான் என்றும் சொல்கிறது. அப்புறம் குடும்ப அமைப்பு நீதியானது என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. சமூகத்தில் தங்கள் இடம் எது என்று தெரியாதபடி ரால்ஸ் கற்பனையாகப் போடும் அறியாமைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நீதிக் கொள்கைகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார்? குடும்பத் தலைவர்கள். வர்க்கம், திறமை எல்லாம் தங்களுக்குத் தெரியாது என்ற பட்டியலில் தாங்கள் ஆணா பெண்ணா என்பதும் தெரியாது என்று அந்த நூலில் சொல்லப்படவில்லை. அரசியல் கோட்பாட்டாளர் சூசன் மோலர் ஓக்கின் 1989இல் 'நீதி, பாலினம், குடும்பம்' என்ற நூலில் இந்த இடத்தில்தான் கைவைத்தார். ரால்ஸைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவர் திரையையே வீட்டுக்குள்ளும் விரித்துப் பாருங்கள் என்றார். தான் கணவனாக இருப்போமா மனைவியாக இருப்போமா என்று தெரியாதவர், ஒருவர் சம்பளமில்லாமல் வீட்டைக் கவனிக்க இன்னொருவர் சம்பாதிக்கும் ஏற்பாட்டை, விவாகரத்து ஆனால் முதலாமவர் நடுத்தெருவில் நிற்கும் ஏற்பாட்டை, ஒத்துக்கொள்வாரா? அப்படி ஒருவர் வேலை பார்த்து ஒருவர் வீட்டைப் பார்க்கும் குடும்பங்களில் சம்பளத்தை இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்து முதலாளியே கொடுத்துவிட வேண்டும் என்றுகூட அவர் யோசனை சொன்னார்.

2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு அரசு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய மாநிலத்தில் இதைப் பாடமாக வைக்காமல் இருப்பது எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது. கணவனின் சம்பளத்தில் பாதியா, அரசின் கருவூலத்திலிருந்து உரிமைத்தொகையா, இரண்டுக்கும் பின்னால் உள்ள கோட்பாடு ஒன்றுதானா என்று மாணவர்கள் சண்டை போடுவார்கள். போடட்டும். ஓக்கின் சொன்னதை எல்லாம் நான் ஏற்கவில்லை. ரால்ஸும் 1997இல் ஒரு கட்டுரையில், குடும்பத்தின் உள்வாழ்க்கைக்கு நீதிக் கொள்கைகளை நேரடியாகப் போட முடியாது, வெளியிலிருந்து எல்லை கட்ட முடியும் என்று பதில் சொன்னார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இப்போது 'பெண்ணியம்' அலகுக்கு வருகிறேன். கடைசி அலகு என்பது பருவம் முடியும் வாரத்தில் அவசரமாக நடத்தப்படுவது, அல்லது படித்துக்கொள்ளுங்கள் என்று விடப்படுவது. உங்களுக்கும் தெரியும். அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. ஆஸ்டெல், வுல்ஸ்டன்கிராஃப்ட், டெய்லர், ஓக்கின் எல்லோரையும் அள்ளி ஒரே அலகில் போட்டுவிட்டால், அவர்கள் பேசியது பெண்களைப் பற்றி என்றும் லாக்கும் ரூசோவும் ரால்ஸும் பேசியது அரசைப் பற்றி என்றும் ஆகிவிடுகிறது. உண்மையில் இரு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் பேசின. லாக்குக்கு ஆஸ்டெல் சொன்ன பதில் லாக் அலகில் இருக்க வேண்டும், பிளேட்டோவுக்கு அரிஸ்டாட்டில் சொன்ன பதில் அரிஸ்டாட்டில் அலகில் இருக்க வேண்டும். பாடச்சுமை கூடும் என்ற கவலை நியாயமானதுதான். பிளேட்டோவின் வாழ்க்கை வரலாறு, லாக்கின் வாழ்க்கை வரலாறு என்று ஒவ்வோர் அலகின் தொடக்கத்திலும் இருக்கும் அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்தாலே போதுமான இடம் கிடைக்கும். அதைக் கேட்டு எந்தக் கேள்வியும் வருவதில்லை.

கேள்வித்தாளையும் மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் கேட்காத எதையும் மாணவர் படிக்கமாட்டார். "ஃபில்மரை மறுக்க லாக் பயன்படுத்திய வாதங்களைக் கணவனின் அதிகாரத்துக்கும் அவர் பொருத்தினாரா? ஆராய்க" என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தால், கைடு எழுதுகிறவர்களே முதல் ஆய்வுரையைத் தேடிப் படிப்பார்கள்.

தமிழ்வழி மாணவர்களுக்கு மூலப் பகுதிகள் கிடைக்காது என்று சொல்வீர்கள். லாக்கின் முதல் ஆய்வுரையிலிருந்து தாய் பற்றிய பகுதிகள், ஆஸ்டெலின் முன்னுரை, மில் நூலின் இரண்டாம் அத்தியாயம், அரிஸ்டாட்டிலின் இரண்டாம் பகுதியில் பிளேட்டோவுக்கு மறுப்பு ஆகியவற்றை என் வகுப்புக்காகத் தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். மூலங்கள் எல்லாம் காப்புரிமை முடிந்தவை. குழு கேட்டால் அனுப்பிவைக்கிறேன். ஆஸ்டெலின் நீண்ட வாக்கியங்களில் எனக்கே திருப்தி இல்லாத இடங்கள் உண்டு. ஆங்கிலத் துறையிலிருந்து யாரையாவது ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு மாணவர் கையில் கொடுங்கள்.

நன்றியுடன்,
ஓர் அரசியல் அறிவியல் ஆசிரியர்